இனிஷியல் போட்டு அனுப்பிய ஸ்கேன்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ரசத்தில் புளி தூக்கல் என்று நான் சொன்னால், இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றலாம் என்பாள். மழை வரும் போலிருக்கிறதே என்று நான் துணியை எடுத்தால், வராது என்று சொல்லி அவள் துணியைக் கொண்டுபோய்க் காயப்போடுவாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் விட்டுவிட்டுப் போனதும், அதியமான்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தாள். வந்தவள் இங்கேயே இருந்துவிட்டாள். எனக்கும் வாய் நீளம், அவளுக்கும் வாய் நீளம். என் வீட்டுக்காரர் ஹைவே ஓரத்தில் லாரிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். நாளெல்லாம் ஹாரன் சத்தத்தில் இருக்கிற மனுஷன். நாங்கள் சண்டை போட்டால் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

சண்டை என்றால் வெட்டுக்குத்து இல்லை. அடுத்த வேளைச் சோற்றுக்குள் முடிந்துவிடும். ஆனால் தோற்றுப்போனதாக ரெண்டு பேரில் ஒருத்தியும் ஒத்துக்கொண்டது கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருமுறை என்னைத் தண்ணீர்க் குழாயில் நிறுத்தி, ரெண்டு நாளாக உங்கள் வீட்டில் சத்தமே இல்லையே, ஊருக்குக் கீருக்குப் போய்விட்டீர்களா என்று கேட்டாள். எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டியிருந்தது.

அவள் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தாள். பைபாஸில் வண்டிக்கு எண்ணெய் போடுகிற வேலை. பேன்ட், சட்டை, தலையில் தொப்பி. முதல் நாள் அந்த உடுப்பில் பார்த்துவிட்டு நான் சிரித்தேன். ஒரு வாரம் அதற்காகத் திட்டு வாங்கினேன். கன்னடம் பேசுகிற டிரைவரைக் கன்னடத்திலும் தெலுங்கு பேசுகிறவரைத் தெலுங்கிலும் விரட்டுவாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்ட டிரைவர்கள் கம்மி. பங்கில் முதலில் கொடுத்த பேட்ஜில் வெறும் பெயர் மட்டும் இருந்தது. இனிஷியல் இல்லாத பேரு அனாதைப் பேரு என்று மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஜேஎஸ் என்று சேர்த்து வேறொன்று அடித்துக் கொடுத்த பிறகுதான் சட்டையில் குத்திக்கொண்டாள்.

ஜே அவளுடைய அப்பா. எஸ் அந்த ஓடிப்போனவன். எங்கள் பக்கம் கல்யாணமான பெண்கள் அப்பா எழுத்தை எடுத்துவிட்டுப் புருஷன் எழுத்தைப் போட்டுக்கொள்வது வழக்கம். இவள் அப்பா எழுத்தை விடமாட்டேன் என்று ரெண்டையும் வைத்துக்கொண்டாள். அவன் பெங்களூரில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்த பிறகும் எஸ் போகவில்லை. அந்த எழுத்து உனக்குச் சோறு போடுதா, குழம்பு ஊத்துதா, எடுத்துத் தொலையேன் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். விட்டுவிட்டுப் போனது அவன்தானே, நான் எதற்கு விட வேண்டும் என்று ஒரே பதில். எனக்கு அது புரிந்ததே இல்லை.

வயிற்றில் வலி என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது நான் வாயு என்றேன், அவள் அல்சர் என்றாள். ரெண்டு பேரும் சொன்னது தப்பு. தருமபுரியில் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கட்டி என்று வந்தது. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடமும் என் வீட்டுக்காரரிடமும் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கட்டிக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கட்டி அதைத் தொடாமல் இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம், ஆள் பிழைத்துக்கொள்ளும். தொட்டுவிட்டால் யாராலும் எடுக்க முடியாது. இந்த ஆபரேஷனில் கை தேர்ந்த டாக்டர் ஒருவர் பெங்களூரில் இருக்கிறார், அவர் ஸ்கேனைப் பார்த்துச் சரி என்று சொன்னால் அன்றைக்கே கிளம்புங்கள், இந்த மாதிரிக் கட்டி நாள் கொடுக்காது என்றார். அந்த ஆஸ்பத்திரியின் மெயில் முகவரியையும் அவரே எழுதிக் கொடுத்தார். படங்களையும் ரிப்போர்ட்டையும் மெயிலில் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் நோயாளியின் பெயரை வைக்க வேண்டும். பார்த்துவிட்டு அவர்களே கூப்பிடுவார்களாம்.

மெயில் என்றால் எங்கள் வீட்டில் நான்தான். நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் காலேஜில் ஆபீஸ் வேலை எனக்கு. ஸ்கேன் சென்டரில் படங்களை அவள் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் எழுத்துமாக முழ நீளத்துக்கு ஒரு பெயர். நான் மாற்றிக்கொள்கிறேன், கொடு என்றேன். கொடுப்பாளா? என் வயிற்றுக்கு நான் பேர் வைக்கிறேன் என்று சொல்லிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இருந்த பெயரை முழுக்க அழித்துவிட்டு, இங்கிலீஷில் ஸ்கேன் ஒன்று என்று போட்டு, அதை ஒட்டித் தன் பெயர், ஒரு புள்ளி, ஜேஎஸ். அடுத்ததற்கு ஸ்கேன் ரெண்டு. கடைசியாக ரிப்போர்ட்டுக்கும் அதே மாதிரி. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் இந்தப் பெயரில் எத்தனை பேர் வருவார்கள், இனிஷியல் இல்லாமல் அனுப்பினால் வேறு எவளோடதோ என்று நினைத்துவிட மாட்டார்களா என்றாள். போன் நடுநடுவே இங்கிலீஷில் எதையோ கேட்டதாகவும், ஓகே ஓகே என்று தட்டிவிட்டதாகவும் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அவள் சொன்னது ஒன்று எனக்கு நியாயமாகப் பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலேஜுக்குப் போனதும் முதல் வேலையாக அனுப்பினேன். விவரமெல்லாம் எழுதி, என் போன் நம்பரையும் போட்டு, அவள் கொடுத்த ஃபைல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பேப்பர் கிளிப் அடையாளத்தோடு மெயில் போயிற்று. போய்ச் சேரவில்லை என்று திரும்பியும் வரவில்லை. அவளுக்குப் போன் போட்டு, போயிடுச்சு என்றேன். பங்கில் லாரி நிற்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் பதிலுக்குக் காத்திருந்தோம். போனில் மெயில் சத்தம் வந்தால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். புடவைக்கடைத் தள்ளுபடி, பேங்க் லோன், மறுபடி புடவைக்கடை. ஒரு வாரம் போனது. அதற்கு மேலும் போனது.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ரெண்டாம் நாளே போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர்க் கல்யாணப் பழக்கம் என்று சொன்னால் சிரிப்பு வரும். பெண் ஜாதகத்தை ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், பொருந்தினால் அவர்களே ஆள் விட்டுச் சொல்வார்கள். பொருந்தவில்லை என்றால் சொல்ல மாட்டார்கள், சும்மா இருந்துவிடுவார்கள். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்வது பெண் வீட்டை அவமானப்படுத்துவது. அவர்கள் சும்மா இருப்பது மரியாதை. அதைப் புரிந்துகொண்டு நாமும் மறுபடி கேட்காமல் இருப்பது நமக்கு மரியாதை. ஊரெல்லாம் மௌனம் சம்மதம் என்பார்கள், எங்களுக்கு மௌனம் என்றால் முடியாது. என் நாத்தனார் ஜாதகம் போய் அப்படிச் சும்மா இருந்த வீடுகள் நிறைய. என் மாமனார் ஒரு வீட்டைக்கூட மறுபடி கேட்டதில்லை. மறுநாளே பதில் சொன்னது அந்த எஸ்ஸின் வீடு ஒன்றுதான்.

அதனால் பெங்களூரிலிருந்து பதில் வராததை அவள் பதிலாகவே எடுத்துக்கொண்டாள். டாக்டர் பார்த்திருப்பார், முடியாது என்று தெரிந்திருக்கும், நல்ல மனுஷன், சொல்ல மனசு வரவில்லை. இதை அவள் ஏதோ அடுத்த வீட்டுக்காரியின் கதையைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், போனைக் கொடு, நான் கேட்கிறேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமா என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தால், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டா இல்லைன்னு சொல்லிருவாங்க அண்ணி. கேக்காத வரைக்கும் யாரும் இல்லைன்னு சொல்லலைதானுங்களே. இப்பிடியே இருக்கட்டும், வுட்டுருங்க."

அவள் என்னிடம் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் அவள் பக்கம் சாய்ந்தார். பெரிய டாக்டர், ஆயிரம் ஜோலி இருக்கும், அவரே கூப்பிடுவார், தொந்தரவு பண்ணக் கூடாது என்றார். அவருக்கும் பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கொஞ்ச நாள் ஓட்டினோம். வத்தல்மலையிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஏதோ வேர் கொண்டுவந்து கொடுத்தார். அதை அரைத்துக் குடித்துவிட்டு, வலி குறைந்திருக்கிறது என்று எங்களுக்காகச் சொன்னாள். வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் ரெண்டும் மஞ்சளாக இருந்தன. அவளுக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன். போய் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மானமாவது மரியாதையாவது.

ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து என்று நெடுநேரம் அலையவிட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். முதலில் கன்னடம், அப்புறம் கன்னடமும் தமிழுமாகக் கலந்து பேசினாள். பெயரையும் அனுப்பிய விவரத்தையும் சொன்னேன். தேடிப் பார்த்தாள். மெயில் வந்திருக்கிறது, ஆனால் படம் ஒன்றுமில்லை என்றாள். படம் இருக்க வேண்டிய இடத்தில், ஆபத்தான புரோகிராம் இருந்ததால் நீக்கப்பட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி இருக்கிறதாம். யாரோ வைரஸ் அனுப்புகிறார்கள் என்று நினைத்து ஒதுக்கிவிட்டார்களாம். டாக்டர் கண்ணுக்கு அது போகவே இல்லை. தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், தினம் இந்த மாதிரி நிறைய வருது என்றாள். நான் யாரைத் தப்பாக நினைப்பது?

நான் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தேன். எல்லா ஃபைலும் வரிசையாக இருந்தன. எங்கள் காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பெயர்களைப் பார்த்ததுமே ச்சு என்றார். ஃபைலின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருகிற எழுத்தை வைத்துத்தான் அது என்ன வகை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். படம் என்றால் ஒரு எழுத்து, ரிப்போர்ட் என்றால் ஒரு எழுத்து. பழைய பெயரை அழிக்கும்போது அந்த எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. அந்த இடத்தில் ஜேஎஸ் வந்துவிட்டது. ஜேஎஸ் என்று முடிந்தால் அது ஒரு புரோகிராம், திருடர்கள் அதை வைத்து உள்ளே நுழைவார்கள், அதனால் பெரிய ஆபீஸ்களின் மெயிலில் அதை வாசலிலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் காலேஜ் மெயிலில் அந்தக் காவல் இல்லை, அதனால் ஒன்றும் சொல்லாமல் போகவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திறந்து பார்த்தால் படம் என்று தெரியாதா, அதற்குக் கண் இல்லையா என்று கேட்டேன். உள்ளே பார்க்கிற மெயிலும் இருக்கிறது மேடம், நிறைய இடத்தில் பெயரின் வாலைத்தான் பார்க்கும் என்றார். பேரைக் கேட்டு ஆளை வாசலோடு நிறுத்துவதை இது நம்ம ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொண்டதா என்று வாய் வரை வந்தது. அந்த மனுஷன் என்ன செய்வார் பாவம். புள்ளியை எடுத்துவிட்டு, கடைசியில் போட வேண்டியதைப் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக அவள் வயிறு திரையில் வந்தது. இவ்வளவு நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நின்றுகொண்டே மறுபடி அனுப்பினேன். அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, வந்துவிட்டதா, திறக்கிறதா என்று கேட்டேன். திறக்கிறது, டாக்டருக்கு இப்போதே காட்டுகிறேன் என்றாள். சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் பதில் வந்துவிட்டது. படத்தில் ரத்தக்குழாய் தெளிவாக இருக்கிறது, கட்டி அதைத் தொடவில்லை, ஆபரேஷன் செய்யலாம். ஆனால் ஸ்கேன் எடுத்து நாளாகிவிட்டதால் இங்கே வந்து புதிதாக ஒன்று எடுக்க வேண்டும், தாமதிக்காமல் வாருங்கள்.

நல்லம்பள்ளி பஸ் ஸ்டாப்பில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. செய்யலாம் என்று எழுதியிருந்தது. இதை அப்போதே எழுதியிருப்பார்கள். ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

வீட்டில் என்ன சொல்வது என்பதை அந்த ஸ்டாப்பிலேயே முடிவு பண்ணினேன். படம் போகவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், அவள் தன் கையால் வைத்த பெயர். அதிலும் அந்த எஸ். ஜே மட்டும் இருந்திருந்தால் அந்தக் காவல் ஒன்றும் செய்திருக்காது என்று லேப்காரர் சொல்லியிருந்தார். எத்தனையோ வருஷம் அந்த எழுத்துக்காக அவளோடு மல்லுக்கு நின்றவள் நான். ஜெயித்துவிட்டேன் என்று போய்ச் சொல்லவா? டாக்டர் வெளியூர் போயிருந்தாராம், இப்போதுதான் பார்த்தாராம், நம்மைக் கூப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் நல்ல புடவையாக எடுத்து வைத்தாள்.

காரில் போனோம். ஓசூரைத் தாண்டியதும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இந்த ஊரில்தான் எங்கேயோ இருக்கிறான், சிக்னலில் நின்றால் கண்ணில் பட்டாலும் படுவான் என்று சிரித்தாள். பட்டால் என்ன பண்ணுவாய் என்று கேட்டேன். எண்ணெய் போடுவேன், வண்டி என்ன வண்டி என்று பார்க்கணும் என்றாள். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு எங்களுக்கு நம்பிக்கை இருந்தது.

புது ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி ரத்தக்குழாயைத் தொட்டுவிட்டது. ஈரலில் வேறு அங்கங்கே புள்ளி. டாக்டர் எங்களைத் தனியாக உட்காரவைத்து, இனி வெட்ட முடியாது, மஞ்சள் காமாலை குறைவதற்கு ஒரு குழாய் வைத்து அனுப்புகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து தங்கையிடம் போய்விட்டார். நான் மட்டும் இருந்து, பழைய படத்தில் இதெல்லாம் இல்லையே என்று கேட்டேன்.

"அப்ப இல்லம்மா. ஆனா அப்ப வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

நல்ல மனுஷன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஊர் வந்து சேர்ந்தேன். அவளிடமும் அவரே நேரில் சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம் அவள் வேலைக்குப் போகவில்லை. கூடத்தில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பாள். ஒரு மத்தியானம் நான் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். விட்டத்தைப் பார்த்தபடி அவளே ஆரம்பித்தாள்.

"நான் சொன்னேன்ல அண்ணி. மொத தடவையே அவங்க வேணாம்னுதான் முடிவு பண்ணிட்டாங்க. மரியாதையா சும்மா இருந்தாங்க. நீங்கதான் என்னை இழுத்துக்கிட்டுப் போயி அதை மூஞ்சிக்கு நேரா சொல்ல வெச்சீங்க."

அவள் அப்படியே நம்பட்டும் என்று எனக்குத் தோன்றியது. முதலிலிருந்தே முடியாது என்றால் அதில் யார் தப்பும் இல்லை. "ஆமா புள்ள. நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் மொச்சையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க ஒத்துக்க மாட்டீங்களே" என்றாள். "அப்பிடின்னா அவங்க மொதல்ல சரின்னுதான் சொல்லியிருப்பாங்க. நடுவுல என்னமோ ஆயிருக்கு. யாரு மேல அண்ணி தப்பு?"

இவ்வளவு வருஷம் என்னோடு சண்டை போட்டவளுக்கு என்னைத் தெரியாமல் இருக்குமா? நான் ஒத்துக்கொண்டதே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இனி யாருமில்லை என்று சொன்னால் விட மாட்டாள், தோண்டுவாள். அவள் போன் தலைமாட்டில்தான் கிடந்தது. அந்த ஃபைல்கள் அதே பெயரோடு அதில் இருந்தன. பங்கில் யாரையாவது கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள். எனக்கு யோசிக்க நேரமில்லை.

"என் மேலதான்" என்றேன். "படத்தைச் சேக்காமயே மெயிலை அனுப்பிட்டேன். அவங்களுக்கு வெறும் லெட்டர்தான் போயிருக்கு. நான் பாக்கல."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தாள். காலேஜில் உட்கார்ந்து என்ன கிழிக்கிறீர்கள் என்றாள். ஒரு மெயில் ஒழுங்காக அனுப்பத் துப்பில்லாதவள் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறாள் என்றாள். நீ வா போ என்று ஒருமையிலும் பேசினாள், அதுவரை பேசியதில்லை. அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுத்தே பழகிய நான், ஒரு வார்த்தை பேசாமல் மொச்சைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தி, "என் உசுரைத்தானே உங்க கையில குடுத்தேன்" என்றாள். சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பட்டறைக்கே போய்விட்டார்.

சில நாள் அவள் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அப்புறம் வலி கூடியது, வேறு ஆளும் இல்லை. குளிக்கவைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டியது நான்தான். கஞ்சியில் உப்பு இல்லை என்று ஒரு நாள் சொல்வாளா என்று காத்திருந்தேன். போட்டதைச் சத்தமில்லாமல் குடித்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் தலை சீவிவிடும்போது, திரும்பிப் பார்க்காமலே, வேணும்னு பண்ணியிருக்க மாட்டீங்க, அது தெரியும் என்றாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சமையல்கட்டில் போய் அழுதுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆடி பிறப்பதற்கு முன்னால் போய்விட்டாள். பங்கிலிருந்து எல்லோரும் அதே உடுப்பில் வந்து மாலை போட்டார்கள். வத்தல்மலைச் சொந்தமெல்லாம் ஜீப் பிடித்து இறங்கி வந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நான் டீ கொண்டுபோனபோது, இவதான் படத்தை அனுப்பாம வுட்டுட்டாளாம் என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. நான் அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். காரியமெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அவள் போனை எடுத்து அந்த ஃபைல்களைத் தேடி ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் ரிப்போர்ட் மட்டும் இருந்தது. அவள் பெயர், ஒரு புள்ளி, ஜேஎஸ். அதையும் அழித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முகத்தைச் சுளித்ததில்லை. பட்டறையின் எஸ்டிமேட், பில் எல்லாவற்றையும் டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு மெயில் பண்ணுவது கல்யாணமான நாளிலிருந்து என் வேலையாகத்தான் இருந்தது. இப்போது அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்து அனுப்பிவிட்டு வருகிறார். போவதற்கு முன்னால், வரும்போது ஏதாவது வாங்கிக்கொண்டு வரணுமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.